இரண்டு கடிதங்கள்: மாலரும் பியர் கியூரியும்

1901 டிசம்பர் 19 அன்று டிரெஸ்டன் நகரில் தங்கியிருந்த குஸ்தாவ் மாலர், தாம் மணக்கவிருந்த பெண்ணுக்குப் பக்கம் பக்கமாக ஒரு கடிதம் எழுதினார். 1903 ஆகஸ்ட் 6 அன்று பியர் கியூரி, சுவீடன் நாட்டுக் கணிதப் பேராசிரியர் ஒருவருக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதினார். இரண்டுக்கும் இடையே இருபது மாத இடைவெளிகூட இல்லை. எழுதிய இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். பியர் பிறந்தது 1859இல், மாலர் பிறந்தது 1860இல். ஒருவர் இயற்பியலில், மற்றவர் இசையில், கைதேர்ந்தவர்கள். ஒருவர் கடிதம் மனைவியாக வரப்போகிறவருக்குப் போனது, மற்றவருடையது மனைவியைப் பற்றி வேறொருவருக்குப் போனது. என்றாலும் இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: என்னோடு வாழும் பெண்ணுக்கும் ஒரு வேலை உண்டு என்றால், அதை நான் எங்கே வைப்பது?

தன்னம்பிக்கை எது, ஈகோ எது என்று பிரித்தறிய நாம் வழக்கமாகப் பார்ப்பது ஆளின் தோரணையை. சத்தமாகப் பேசினால் தலைக்கனம் என்கிறோம், அமைதியாக இருந்தால் அடக்கமானவர் என்கிறோம். ஒருவர் தம் தொழிலில் யாருக்கும் வளைந்துகொடுக்காமல் நின்றால், அந்த உறுதி வீட்டிலும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போதுகூட இந்தக் கணக்குத்தான். இந்த அடையாளங்கள் எவ்வளவு பிசகானவை என்பதை மாலர், கியூரி இருவரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது உணரலாம். பொதுவாகச் சொல்லிப் பயனில்லை, கடிதங்களுக்கே போவோம்.

முதலில் மாலர். 1897 முதல் வியன்னா அரசவை ஓப்பராவின் இயக்குநர். முன்னிசை தொடங்கிய பிறகு தாமதமாக வருபவர் யாராக இருந்தாலும் உள்ளே விடக் கூடாது என்று விதி போட்டவர். யூதராகப் பிறந்தவர் என்பதற்காக வியன்னாப் பத்திரிகைகள் சில அவரை விடாமல் தாக்கின. அந்தப் பதவிக்கு வருவதற்காகவே கத்தோலிக்க மதத்துக்கு மாற வேண்டியிருந்தது. 1901 நவம்பர் 25 அன்று மூனிக் நகரில் அவருடைய நான்காம் சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியபோது அவையிலேயே கேலியும் கூச்சலும் எழுந்தன. அவர் தம் இசையை மாற்றவில்லை. 1902 தொடக்கத்தில், திருமணத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில், தன் காலம் நிச்சயம் வரும் என்று, தாம் மணக்கவிருந்த அல்மாவுக்கே எழுதினார். அந்தக் காலமும் வந்தது. உலகின் பெரிய இசைக்குழுக்கள் எல்லாம் இன்று அவரை வாசிக்கின்றன. ஊரே எதிர்த்தாலும் தன் வேலையின் மதிப்பைத் தானே அறிந்து நிற்பதுதான் தன்னம்பிக்கை என்றால், மாலரிடம் அது நிறையவே இருந்தது.

அல்மா ஷிண்ட்லருக்கு அப்போது 22 வயது. நிலக்காட்சி ஓவியர் ஒருவரின் மகள். சிறு வயதிலேயே யோசஃப் லாபோரிடம் இசை கற்றவர், பிறகு அலெக்சாண்டர் செம்லின்ஸ்கியிடம் இசையமைப்பு பயின்றுகொண்டிருந்தவர். பாடல்கள் எழுதிவந்தார். 1901 நவம்பரில் ஒரு விருந்தில் மாலரைச் சந்தித்தபோது, செம்லின்ஸ்கியின் ஒரு படைப்பை அவர் கண்டுகொள்ளாமல் கிடப்பில் போட்டிருப்பதற்காக நேருக்கு நேர் வாதாடினார். அந்தத் துணிச்சலில்தான் மாலருக்கு மனம் போயிற்று. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எதிர்த்துப் பேசிய பெண்ணை அவர் வெறுக்கவில்லை, காதலித்தார். ஈகோ உள்ளவர்கள் ஊமைப் பெண்ணையே தேடுவார்கள் என்று எண்ணுவது தவறு. பல நேரம் அவர்களை ஈர்ப்பது சுடர்விடும் பெண்தான். அந்தச் சுடர் தன் வீட்டு மாடத்துக்கு வந்த பிறகு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டிசம்பரில் அல்மா தம் கடிதம் ஒன்றை, இசை எழுதும் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பாதியில் முடித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. பதிலுக்கு டிரெஸ்டனிலிருந்து அந்த நீண்ட கடிதம் வந்தது. கணவன் மனைவி இருவருமே இசையமைப்பாளர்கள் என்றால் அது எவ்வளவு நகைப்புக்கிடமான போட்டியாகிவிடும் என்று மாலர் கேட்டார். வீட்டில் தமக்கு ஏதோ தேவைப்படும் நேரத்தில் அவள் இசையெழுதும் மனநிலையில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். இனி அவளுக்கு ஒரே தொழில்தான், அது தம்மை மகிழ்ச்சியாக வைத்திருப்பது என்றார். இசையமைப்பவர், உழைப்பவர் என்ற பாத்திரம் தமக்கு, அன்பான துணை என்ற பாத்திரம் அவளுக்கு. தம் இசையையே அவள் தன் இசையாக எண்ணிக்கொள்ள முடியாதா என்றும் கேட்டார். மனைவியைப் பொழுதுபோக்குப் பொருளாகவோ வீட்டு வேலைக்காரியாகவோ நினைக்கும் சாதாரண ஆண் தாமில்லை என்று இடையில் விளக்கமும் தந்தார். அடுத்த சந்திப்புக்கு முன் முடிவு தெரிய வேண்டும் என்று கெடு வைத்தார்.

இந்தக் கடிதத்தில் வசவு ஒன்றும் இல்லை. அன்பு, தர்க்கம், மரியாதை எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் அதை நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஈகோ என்றால் மேசையைத் தட்டிக் கத்துவது என்று நினைப்பவர்கள் இதில் ஈகோவைக் காணமாட்டார்கள். "நீ வேலைக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல, ஆனா..." என்று நம் வீடுகளில் தொடங்கும் பேச்சின் வளர்ந்த வடிவம் இது. அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வரும் காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கும். வீடு, குழந்தை, உடம்பு, ஊர்ப் பேச்சு. எல்லாக் காரணமும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை பிடிபடும். மாலர் தம் இசையைப் பொதுவாக்கி அல்மாவுக்கும் உரியது என்றார், அது பெரிய மனதுபோலத் தோன்றுகிறது. அல்மாவின் இசையைத் தானும் தன்னுடையதாக எண்ணிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அந்த நீண்ட கடிதத்தில் ஓர் இடத்திலும் எழவில்லை.

மூனிக்கில் நூற்றுக்கணக்கானவர்கள் கேலி செய்தபோது அசையாத மனிதர், ஒரு மாதத்துக்குள், ஓர் இளம்பெண் எழுதிய சில பாடல்களைத் தாங்க முடியாமல் போகிறார். ஒருவரின் தன்னம்பிக்கை வாழ்க்கை முழுதும் ஒரே அளவில் பரவியிருக்கும் என்று நாம் எண்ணுவது ஏன் பிழை என்பது இங்கே புலப்படுகிறது. மேடையில் மாலருக்கு அளவுகோல் இருந்தது, தாம் யார் என்று அவருக்குத் தெரியும். வீட்டில், மனைவி தன்னையே முதன்மையாக வைத்திருக்கிறாள் என்ற உறுதி இல்லாமல் அவரால் தன்னை அறிய முடியவில்லை. தொழிலில் யாருடைய ஒப்புதலும் தேவைப்படாதவருக்கு, வீட்டில் அந்த ஒப்புதல் ஒவ்வொரு மணி நேரமும் தேவைப்பட்டது.

இப்போது பியர் கியூரியிடம் வருவோம். அவரைப் பிறவியிலேயே விசால மனம் படைத்தவர் என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பதே எனக்கு அவரிடம் பிடித்த செய்தி. இருபதுகளின் தொடக்கத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பில், மேதைமை உள்ள பெண்கள் அரிது என்றும், சிந்தனைக்கு வாழ்வை ஒப்படைக்க நினைக்கும் ஆணைப் பெண் கீழே இழுக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறார். இதைப் பின்னாளில் தம் கணவரைப் பற்றிய நூலில் வெளியிட்டவர் அவர் மனைவி மேரியேதான். மாலரின் கருத்துக்கும் இளவயதுப் பியரின் கருத்துக்கும் பெரிய தூரம் இல்லை. 1894 வசந்த காலத்தில், எஃகு வகைகளின் காந்தப் பண்புகளை அளக்க இடம் தேடிக்கொண்டிருந்த போலந்துப் பெண்ணான மேரியை, நண்பர் ஒருவர் பியருக்கு அறிமுகம் செய்துவைத்தார். பழைய கருத்து என்ன ஆயிற்று? அதைக் காப்பாற்ற அவர் சண்டை போடவில்லை. எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்தார், கருத்தை விட்டார்.

அந்த ஆண்டு கோடையில் மேரி வார்சாவுக்குத் திரும்பினார். அங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இருந்தது. பியர் கடிதம் எழுதி வற்புறுத்தினார். வற்புறுத்திய விதத்தைப் பாருங்கள்: அவளுடைய நாட்டுக் கனவு, தம் இருவரின் மானுடக் கனவு, அறிவியல் கனவு என்று வரிசைப்படுத்தி, இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாழ முடிந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினார். தாமே போலந்துக்கு வந்துவிடவும் தயார் என்றார். மேரி ஓராண்டு யோசித்தார். 1895 ஜூலை 26 அன்று திருமணம் நடந்தது. அப்போது பியருக்கு 36 வயது, மேரிக்கு 27.

1897 இறுதியில் மேரி முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடி, யுரேனியத்திலிருந்து வரும் கதிர்களை எடுத்துக்கொண்டார். அதை அளப்பதற்கான கருவி வீட்டிலேயே இருந்தது என்று சொல்லலாம். பியரும் அண்ணன் ழாக்கும் 1880இல், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதை வைத்து அவர்கள் உருவாக்கிய அளவைக் கருவியில் மெல்லிய குவார்ட்ஸ் தகடு ஒன்று தொங்கும். அதன் அடியில் எடை சேர்த்தால் சிறு மின்னூட்டம் பிறக்கும். ஒரு தட்டில் தாதுப்பொடியைப் பரப்பினால், அதன் கதிரால் காற்றில் மிகமிகச் சிறிய மின்னோட்டம் ஓடும். அந்த ஓட்டத்தைக் குவார்ட்ஸின் மின்னூட்டத்தால் ஈடுகட்டி, அதற்கு எவ்வளவு எடை, எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்தால் கதிரின் வலிமை தெரிந்துவிடும். ஈரம் கசியும் அறையில், கை நடுங்காமல், நூற்றுக்கணக்கான முறை மேரி இதைச் செய்தார். பிட்ச்பிளெண்ட் என்ற தாது, தன்னிடம் உள்ள யுரேனியத்தின் அளவுக்கு மீறிக் கதிர் வீசுகிறது என்று கண்டார். புதிய தனிமம் ஒன்று அதில் இருக்கக்கூடும் என்று எழுதினார்.

1898 ஏப்ரல் 12 அன்று அறிவியல் அகாதெமியில் படிக்கப்பட்ட அந்தக் குறிப்பு மேரியின் பெயரில் மட்டுமே வந்தது. கருவி பியருடையது. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்த ஆய்வக அனுபவம் பியருடையது. ஆனாலும் தம் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அதன் பிறகுதான், தாம் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருந்த படிக ஆய்வை நிறுத்திவிட்டு மேரியின் ஆய்வில் சேர்ந்தார். சில காலத்துக்கு என்று நினைத்துச் சேர்ந்தவர், சாகும்வரை அதிலேயே இருந்தார். ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். அவர்களுடைய ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் இரண்டு கையெழுத்தும் மாறி மாறி வருகின்றன. ஆனால் அச்சுக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பவில்லை. பொலோனியம் கட்டுரையில், இந்தத் தாதுக்களின் கதிர் வீசும் திறனை முன்பு காட்டியது எங்களில் ஒருவர் என்று தனியாகப் பிரித்துச் சொன்னார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான், அவ பேர் வேற என் பேர் வேறயா?" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒன்றாகிப்போகும் பெயர் எப்போதும் ஒருவருடையதாகவே இருக்கும். கியூரி தம்பதியின் நெருக்கம் யாருடையதற்கும் குறைந்ததில்லை, இருந்தும் கணக்கைத் தனித்தனியே எழுதினார்கள். தன் பங்கு என்ன என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு, அடுத்தவர் பங்கை உரக்கச் சொல்வதில் பயம் இருப்பதில்லை. தன் பங்கில் ஐயம் உள்ளவருக்குத்தான் எல்லாவற்றையும் மங்கலாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அவர்களுக்குள் கருத்து வேறுபாடும் இருந்தது. ரேடியத்தைத் தனியே பிரித்துக் காட்டினால்தான் வேதியியலார் நம்புவார்கள் என்று மேரி நின்றார். பழைய பிணக்கூறாய்வுக் கொட்டகை ஒன்றில், மழை ஒழுகும் கண்ணாடிக் கூரையின் கீழ், டன் கணக்கில் தாதுக் கழிவைக் கொதிக்கவைத்து, தம் உயரத்துக்கு நிகரான இரும்புக் கம்பியால் நாள் முழுக்கக் கிளறினார். பியருக்கு ஒரு கட்டத்தில் அலுப்பு வந்தது. வசதியான காலம் வரும்வரை தள்ளிவைக்கலாம் என்பது அவர் எண்ணம். மேரி கேட்கவில்லை. 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்து, ரேடியத்தின் அணு எடை 225 என்று அறிவித்தார். கணவர் சொன்னதைக் கேட்காமல் மனைவி செய்து, மனைவி சொன்னது சரி என்று ஆகிவிட்டது. பல வீடுகளில் இதற்குப் பிறகு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது. இங்கே அடுத்த அளவீட்டுக்குப் போனார்கள்.

இனி 1903. அந்த ஆண்டு இயற்பியல் நோபெல் பரிசுக்கு, பிரெஞ்சு அறிவியல் அகாதெமியைச் சேர்ந்த நால்வர், இயற்பியலாளர் பெக்கெரல், பியர் கியூரி ஆகிய இருவர் பெயரை மட்டும் பரிந்துரைத்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் காப்ரியேல் லிப்மான். மேரிக்குப் பாடம் நடத்தியவர், 1898இல் மேரியின் குறிப்பை அகாதெமியில் முன்வைத்தவர். தெரியாமல் விட்டது என்று சொல்ல வழியே இல்லை. சுவீடன் அறிவியல் அகாதெமியில் இருந்த கணிதப் பேராசிரியர் மித்தாக்-லெஃப்லர் இந்தச் செய்தியைப் பியரிடம் தெரிவித்தார். பியர் எழுதிய பதில் சுருக்கமானது. தம் பெயரை உண்மையிலேயே கருதுகிறார்கள் என்றால், கதிரியக்கப் பொருள்கள் பற்றிய எங்கள் ஆய்வுக்காக மேரியோடு சேர்த்தே என்னைக் கருத வேண்டும் என்று விரும்புகிறேன், அப்படிச் சேர்ப்பது கலைநோக்கில் பார்த்தாலும் நிறைவாக இருக்கும் என்பது அதன் சாரம். முந்தைய ஆண்டில் மேரியின் பெயருக்கு வந்திருந்த பரிந்துரை ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அகாதெமி அவரையும் சேர்த்தது. பரிசில் பாதி பெக்கெரலுக்கு, மறுபாதி கியூரி தம்பதிக்கு.

இந்தச் சில வரிகளின் எடை தெரிய வேண்டும் என்றால், அவற்றை எழுதியபோது பியரின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். விருதும் பதவியும் நிரம்பி வழிந்த மனிதர் இல்லை அவர். பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்துத் தோற்றவர். 1902இல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமி உறுப்பினர் தேர்தலில் நின்று தோற்றவர். தொழிற்பள்ளி ஒன்றில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். சொந்த நாடு திரும்பத் திரும்பக் கைவிட்ட ஒருவரிடம் உலகத்தின் மிகப் பெரிய அங்கீகாரம் வருகிறது, அதுவும் தன் பெயருக்கு மட்டும். பேசாமல் இருந்திருந்தால் போதும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மேரிக்கேகூட அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம், காலம் அப்படி. 1903 டிசம்பரில் பரிசளிப்பு உரையில் சுவீடன் அகாதெமித் தலைவர், ஆதாமுக்கு ஏற்ற துணையைப் பற்றிய விவிலிய வசனத்தை நினைவூட்டித்தான் மேரியை அறிமுகப்படுத்தினார். பரிசு கொடுத்த பிறகும் அவர்களுக்கு மேரி துணைவிதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எனக்கு வேண்டாம், அவளுக்கே கொடுங்கள் என்று பியர் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் தியாகம் என்று கொண்டாடியிருப்போம். அடக்கமும் தியாகமும்கூடப் பல நேரம் ஈகோ அணியும் நல்ல சட்டைகள். தன்னைக் குறைத்துக்கொள்பவர், குறைத்துக்கொண்டதை ஒரு நாள் நினைவூட்டாமல் விடுவதில்லை. பியர் தம் பங்கை விடவும் இல்லை, கூட்டவும் இல்லை. நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்று கேட்டார். அதே ஆண்டில் பிரெஞ்சு அரசு தரவிருந்த பட்டத்தை, எனக்கு ஆய்வகம்தான் வேண்டும் என்று சொல்லி மறுத்தவர் அவர். 1904இல் சொர்போன் இறுதியாகப் பேராசிரியர் பதவி தந்தபோது, ஆய்வகம் இல்லாமல் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஆய்வகம் வந்தது, அதில் ஆய்வுப் பொறுப்பாளராகச் சம்பளத்தோடு மேரிக்குப் பதவியும் வந்தது. இவர் வாயில்லாப் பூச்சி இல்லை. எதற்குச் சண்டை போட வேண்டும் என்று தெரிந்தவர்.

பியரைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. சமையலும் வீட்டுக் கணக்கும் துணி தைப்பதும் மேரியின் தலையில்தான் இருந்தன. 1897இல் மூத்த மகள் ஐரீன் பிறந்த பிறகு மேரியால் ஆய்வுக்குப் போக முடிந்ததற்குப் பெரும் காரணம், பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த மாமனார் டாக்டர் யூஜீன் கியூரி. அறிவியலில் சரிபாதி கொடுத்த மனிதர், அடுப்படியில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. மாலரின் தன்னம்பிக்கை மேடையோடு நின்றதைக் குறிப்பிட்ட கையால், பியரின் விசாலம் ஆய்வகத்தோடு பெருமளவு நின்றதையும் குறித்தாக வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு தெளிவாக இருக்கிறது. பியரின் குறை மேரியின் நேரத்தைத் தின்றது. மாலரின் குறை அல்மாவின் வேலையையே இல்லாமல் ஆக்கியது.

அல்மா ஏன் சம்மதித்தார் என்ற கேள்வி எழும். தாயாரே நிச்சயத்தை முறித்துக்கொள்ளச் சொன்னார். அல்மா ஓரிரவு கலங்கினார், இது உள்ளே முள்ளாகத் தங்கும் என்று நாட்குறிப்பில் எழுதினார், பிறகு ஒப்புக்கொண்டார். 1902 மார்ச் 9 அன்று திருமணம். அடுத்த சில ஆண்டுகளில் மாலர் கோடைதோறும் மையர்னிக் என்ற ஏரிக்கரை ஊரில், காட்டுக்குள் இருந்த சிறு குடிலில் அமர்ந்து பெரும் சிம்பொனிகளை எழுதினார். அல்மா அவற்றைப் படியெடுத்தார். வீட்டில் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார். 1907இல் மூத்த குழந்தை நோயில் இறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இது அடங்கிய மனைவியின் கதை. உள்ளே அந்த முள் வளர்ந்துகொண்டிருந்தது. கணவரைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய நினைவுநூல்களில் திரித்தலும் மறைத்தலும் நிறைய இருப்பதால், மாலர் ஆய்வாளர்கள் அதற்கு "அல்மா சிக்கல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவரின் குரலை ஒடுக்கிவிட்டு, அவரிடமிருந்து நேர்மையான சாட்சியத்தை எதிர்பார்ப்பது கடினம்.

1910 கோடையில் அல்மாவுக்கும் கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸுக்கும் இருந்த காதல் வெளிப்பட்டது. குரோப்பியஸ் அல்மாவுக்கு எழுதிய கடிதம் மாலரின் பெயருக்கே வந்து சேர்ந்தது. மாலர் நொறுங்கிப்போனார். ஆகஸ்டில் ஹாலந்தின் லைடன் நகருக்குப் போய் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டைச் சந்தித்து, தெருக்களில் மணிக்கணக்காக நடந்தபடி பேசினார். இந்த நாள்களில்தான் அல்மாவின் பழைய பாடல்களை எடுத்துப் பியானோவில் வாசித்தார், அவை நல்ல பாடல்கள் என்று வியந்தார், நான் என்ன செய்துவிட்டேன் என்று புலம்பினார் என்று அல்மா எழுதுகிறார். இதை மட்டும் அல்மாவின் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை, சான்று அச்சில் இருக்கிறது: அதே ஆண்டில் ஐந்து பாடல்கள் வியன்னாவில் வெளியாயின. செப்டம்பரில் மூனிக்கில் அரங்கேறிய தம் எட்டாம் சிம்பொனியை மாலர் அல்மாவுக்குக் காணிக்கையாக்கினார்.

இந்த மனமாற்றத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஐம்பது வயதில், உடல் தளர்ந்த நிலையில், தம் பிழையை ஒப்புக்கொள்வது எளிதில்லை. ஆனாலும் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்தவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலர் பாடல்களைத் திறந்தது அல்மாவை இழக்கப்போகிறோம் என்ற பயத்தில். 1901இல் பாடல்களை மூடியதும் அதே பயத்தில்தான். நடத்தை தலைகீழாக மாறியது, அடியில் இருந்த பயம் மாறவில்லை. ஈகோ உடைந்து மன்னிப்புக் கேட்கும் நேரங்களில் நாம் நெகிழ்ந்துபோகிறோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறோம். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று அப்போது பார்ப்பதில்லை. என் வேலையின் மதிப்பைக் கண்டா, நான் போய்விடுவேன் என்றா? மாலருக்கு இதற்குப் பதில் சொல்லக் காலம் கிடைக்கவில்லை. 1911 மே 18 அன்று இறந்துவிட்டார்.

பியர் அதற்கு முன்பே போய்விட்டார், 1906 ஏப்ரலில், பாரிஸ் தெருவில் குதிரைவண்டியின் சக்கரத்தில் சிக்கி. அவருடைய நம்பிக்கை மேரியிடம் என்ன விட்டுச்சென்றது என்பதை மாலர் இறந்த அதே 1911இல் பார்க்க முடிகிறது. அந்த ஆண்டு வேதியியல் நோபெல் மேரிக்குத் தனியாகக் கிடைத்தது. அதே வாரங்களில், சக விஞ்ஞானி ஒருவருடனான அவருடைய உறவைப் பத்திரிகைகள் சேற்றில் இழுத்துக்கொண்டிருந்தன. பரிசு வாங்க வர வேண்டாம் என்று சுவீடனிலிருந்து கடிதம் வந்தது. பரிசு என் ஆய்வுக்கு, அதற்கும் என் சொந்த வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்ற பொருளில் பதில் எழுதிவிட்டு, ஸ்டாக்ஹோம் போனார். டிசம்பர் 11 அன்று நிகழ்த்திய உரையில், எது பியரோடு சேர்ந்து செய்தது, எது தாம் தனித்துச் செய்தது என்று வகைப்படுத்திச் சொன்னார். இந்தப் பரிசு பியரின் நினைவுக்கும் செலுத்தும் மரியாதை என்றார். 1898இன் பொலோனியம் கட்டுரையில் இருந்த அதே கணக்கெழுதும் முறை, பதின்மூன்று ஆண்டுக்குப் பின், ஒருவர் இல்லாத நிலையிலும் பிசகவில்லை.

மாலருக்காகப் பேசுபவர்கள் ஒரு வாதம் வைப்பதுண்டு. அல்மாவின் பாடல்கள் இனிமையானவை, ஆனால் மாலரின் சிம்பொனிகளுக்குப் பக்கத்தில் அவை சிறியவை, ஆகவே உலகம் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்கிறார்கள். மேரி கியூரியாக இருந்தால் இடம் கொடுக்கலாம், அல்மாவுக்கு எதற்கு என்பதுதான் இதன் அடியில் இருப்பது. 1895இல் மேரி யார்? முனைவர் பட்டம் இல்லை, கண்டுபிடிப்பு இல்லை, கையில் இருந்தது எஃகின் காந்தத் தன்மையை அளக்கும் ஒரு சிறு ஒப்பந்த வேலை. போலந்திலிருந்து வந்து, வாடகை அறையில் குளிரில் படித்த மாணவி. இவர் உலகில் முதன்முறையாக இரண்டு நோபெல் பரிசுகள் பெறுவார் என்று பியருக்கு எப்படித் தெரியும்? தெரியாமலேதான் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார், கருவியைக் கொடுத்தார், பிறகு தம் நாள்களையும் கொடுத்தார். மாலருக்கும் அல்மா என்ன ஆவார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அந்தப் பாடல்களைப் பியானோவில் வைத்து ஒருமுறை வாசித்திருந்தால் போதும். அல்மாவின் பாடல்களில் இன்று நம்மிடம் இருப்பவை 17, பெரும்பாலும் திருமணத்துக்கு முன் எழுதியவை. இருபத்திரண்டு வயதில் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லப்பட்ட ஒருவரின் திறமை இவ்வளவுதான் என்று அவற்றை வைத்துத் தீர்ப்பெழுத யாருக்கும் உரிமை இல்லை.